தாட்சண்யத்தில் குணமானவர்கள்

ஜாவாவின் சோலோ நகரத்தில் மனச்சோர்வு வந்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் கேட்பவரின் மனம் கஷ்டப்படுமே என்ற கவலை அவர்களுக்கு. பல்லைப் பிடுங்கும்போதுகூட டாக்டருக்குக் கை வலிக்கிறதோ என்று விசாரிக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே நம்பி ஆராய்ச்சி செய்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பாலுபிக்கு அது இருந்தது. இத்தனை வருஷம் உளவியல் படித்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

பாலுபியும் அந்தப் பக்கத்துக்காரிதான். ஆனால் பட்டம் வாங்கிய அன்றே ஊர்ப்புத்தி தன்னைவிட்டுப் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். படித்தவர்களுக்கு இப்படிச் சில நம்பிக்கைகள் உண்டு.

அவள் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் 'எட்டு வார மனத்தெளிவுப் பயிற்சி' என்று ஒன்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் உள்ள பன்னிரண்டு பேர் செவ்வாய்க்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பார்கள், பயத்தைப் பற்றிப் பேசுவார்கள், கேள்வித்தாளை நிரப்புவார்கள், தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பயிற்சியை உருவாக்கியது பாலுபி. அதற்குப் பெயர் வைத்தது பேராசிரியர் சுப்ராப்தோ. ஆகவே கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வரும்.

பயிற்சி பலித்தால் பாலுபியின் தற்காலிக வேலை நிரந்தரமாகிவிடும். பலிக்காவிட்டால் சொந்த ஊரான வோனோகிரிக்குத் திரும்பிப் போய் அப்பாவின் பக்ஸோ கடையில் சூப்பில் இறைச்சி உருண்டை போட வேண்டியதுதான். அப்பா கரண்டியோடு தயாராகத்தான் இருந்தார். "மனசு சரியில்லாதவன்கூட சூடா சூப்பு குடிச்சா எந்திரிச்சிடுவான். இதுக்கு எதுக்குடி படிப்பு?" என்று தொலைபேசியில் வாரம் தவறாமல் கேட்பார்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் அசையவில்லை. தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்று பன்னிரண்டு பேரும் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார்கள். பாலுபி தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு, பயிற்சி பெற்ற புன்னகை ஒன்றைச் செய்தாள். தன் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது வாரம் இரண்டு பேர் குணமானார்கள். நான்காவது வாரம் இன்னும் இரண்டு பேர். அடுத்த வாரமும் இரண்டு பேர். மருந்துக் கடைக்காரன் மாத்திரையை எண்ணிப் போடுவதுபோல வாரத்துக்கு இரண்டு பேர் தேறினார்கள். வரைபடத்தில் கோடு படிக்கட்டுபோல அழகாக இறங்கியது. அதைப் பார்த்துப் பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. பணம் கொடுத்த நெதர்லாந்து அறக்கட்டளையிலிருந்து மார்லீன் என்ற அம்மையார் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும், பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று முடிவுகட்டினார்.

குணமானவர்கள் மறுபடி வகுப்புக்கு வரக் கூடாது என்பது பேராசிரியரின் விதி. "நல்ல பழத்தை அழுகின பழத்தோட ஒரே கூடையில வைப்பாங்களா, பாலுபி?" என்று கேட்டார். இதை அவர் மனநலத் துறையில் முப்பது வருஷ அனுபவத்தோடு சொன்னார். அதன்படி, முதல் ஆளாகக் குணமான வார்சிதோ, மனைவியை இழந்த அறுபத்தைந்து வயதுக்காரர், சான்றிதழ் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவது செவ்வாய்க்கிழமை மழை வரும்போல இருந்ததால் பாலுபி வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டாள். வகுப்பறை வாசலை எட்டியபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. மனச்சோர்வு வகுப்பில் சிரிப்பு! அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நமது சிகிச்சை நாம் இல்லாதபோதும் வேலை செய்கிறதே என்று பூரித்துப்போய், பாதி திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

மீதி இருந்த நாலு பேரும் தலையோடு தலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குஸ்தினா. சந்தையில் பாத்திக் துணி விற்கிறவள். பத்து பேர் இருக்கும் இடத்தில் தானாகவே தலைவியாகிவிடுகிற ரகம். அவள் கையில் ஒரு கண்ணாடித் தம்ளர். அதன் வாயில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதில் ஒரு ஓட்டை. உள்ளே உறிஞ்சு குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, பெயர் எழுதிய காகிதத்தைச் சுருட்டித் திணித்துப் போட்டிருந்தது. ஊரில் பெண்கள் மாதாமாதம் கூடிச் சீட்டுக் குலுக்குவது இப்படித்தான். பாலுபியின் அம்மாவும் ஒரு சீட்டுக் குலுக்கலை விட்டதில்லை.

"நல்லா குலுக்குங்க இபு. நாலு வாரமா எனக்கு விழவே மாட்டேங்குது," என்றான் காலிஹ். மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவன். சிக்னலில் நிற்கும்போது நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் என்பது அவனுடைய கோளாறு.

"பொறுடா. எல்லாருக்கும் ஒரு நாள் குணமாகத்தான் போகுது," என்றாள் குஸ்தினா.

தம்ளர் குலுங்கியது. ஒரு துண்டு வெளியே விழுந்தது. பிரித்துப் பார்த்தார்கள்.

"காலிஹ்!"

"அல்ஹம்துலில்லா! இந்த வாரம் எனக்குக் குணம்!"

"கத்தாதே. எல்லாக் கேள்விக்கும் நல்லா இருக்கேன்னு போட்டுடாதே. போன வாரம் அந்த தபால்காரர் அப்படித்தான் போட்டுத் தொலைச்சார். இப்படியும் ஒரு மனுஷனுக்குச் சந்தோஷம் வருமா? தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் பத்தலைன்னு எழுது. அப்பத்தான் நம்பற மாதிரி இருக்கும்."

பாலுபி கதவை முழுசாகத் திறந்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே மாதிரி சிரித்தார்கள். குஸ்தினா தம்ளரை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, பொரித்த சோயா டெம்பே இருந்த தட்டை நீட்டினாள்.

"வாங்க இபு. சூடா இருக்கு, சாப்பிடுங்க." குஸ்தினாவுக்கு மகள் வயதுதான் பாலுபிக்கு. இருந்தாலும் படித்தவள் என்பதால் அவளும் எல்லோருக்கும் இபுதான், அதாவது அம்மா; ஆண்கள் என்றால் பாக், ஐயா.

"என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்லையே. சும்மா ஒரு சீட்டு."

"பணமா?"

"சேச்சே! காலேஜுல போய் யாராவது பணம் வச்சு ஆடுவாங்களா?"

"பின்ன எதை வச்சுக் குலுக்கறீங்க?"

குஸ்தினா மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று தெரிந்ததும், துணி விலையைக் கடைசியாக இறக்கிச் சொல்கிற குரலில் அவள் சொன்னாள்.

"ரெண்டாவது வாரம் நாங்க எல்லாரும் அப்படியே இருக்குன்னு எழுதிக் குடுத்தோமில்ல? நீங்க அதைப் பார்த்துட்டுத் தேத்தண்ணியைக்கூடத் தொடலை. வெளியில போய் ஸ்கூட்டர் பக்கத்துல நின்னு அழுதீங்க. இந்தக் காலிஹ்தான் பார்த்துட்டு வந்து சொன்னான்."

"நான் அழலை."

"சரி, அழலை. மூக்கைச் சிந்தினீங்க. எங்களுக்கு மனசே ஆறலை இபு. சின்னப் பொண்ணு, இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் குடுக்குது, நாம இத்தனை பேர் சேர்ந்து அதை அழ வைக்கிறோமேன்னு ஆயிடுச்சு. அதான் குணமாயிடலாம்னு பேசிக்கிட்டோம். எல்லாரும் ஒரேயடியா குணமானா நீங்க நம்ப மாட்டீங்க. அதான் குலுக்கி எடுத்தோம். யாருக்கும் மனக்குறை வரக் கூடாது பாருங்க."

பாலுபி நாற்காலியில் உட்கார்ந்தாள். படிக்கட்டுபோல இறங்கிய அந்தக் கோடு, பேராசிரியரின் கண்ணீர், நெதர்லாந்திலிருந்து வரும் விமானம் எல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றன. இவளுக்கு வைத்தியம் பார்ப்பதற்காக அந்தப் பன்னிரண்டு பேரும் வாராவாரம் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். இங்கே ஒரு விஞ்ஞானமே நாசமாகியிருந்தது.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. யாருக்காவது கொஞ்சமாவது தேவலையா?"

"நல்லா இருக்கோம் இபு," என்றார்கள் நாலு பேரும்.

"பாக் வார்சிதோ?"

சிரிப்பு நின்றது. காலிஹ் வாயைத் திறந்தான். குஸ்தினா அவன் தொடையைக் கிள்ளினாள். அவன் கிள்ளலைப் பொருட்படுத்தவில்லை.

"அவருக்குத்தான் முதல்ல விழுந்துச்சு. இருக்கறதுலயே அவருக்குத்தான் ரொம்ப மோசம்னு எங்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை குலுக்கலாம் பாக்னு சொன்னேன். வேண்டாம், விழுந்தது விழுந்ததுதான், யாராவது ஆரம்பிச்சு வைக்கணும்னுட்டார். இந்தக் கிளாசுக்கு வரத்தான் அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். இப்ப வெளியிலயே வர்றதில்லை."

"நாங்க போய்ப் பார்த்தோமே," என்றாள் குஸ்தினா அவசரமாக. "நல்லாத்தான் இருக்கார். சிரிச்சுப் பேசினார். அவர் வளர்த்த புறாவை, கூண்டோட, எனக்கே குடுத்துட்டார். வீட்டுக்காரம்மா இருந்தப்பலேருந்து வளர்த்த புறா. என்னமா கூவுது தெரியுமா?"

அந்த ஊரில் ஆண்பிள்ளை தன் புறாவை யாருக்கும் கொடுப்பதில்லை. ஆசையாக வைத்திருந்ததை ஒருவர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்பது அவள் படிப்பின் முதல் வருஷப் பாடம். வரைபடத்தில் அதற்கு இடமில்லாததால் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை.

அன்றைக்கே வார்சிதோவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசல்வரை வந்து, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து வரவேற்றார். தேநீர் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் வெறும் கொக்கி தொங்கியது.

"எப்படி இருக்கீங்க, பாக்?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் இபு."

"தூக்கம்?"

"நல்லா வருது."

"சாப்பாடு?"

"நிறைய."

தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கழுவிக் கவிழ்த்து, பல நாளாகத் தொடாத மாதிரி இருந்தது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டாள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. புத்தகம் எழுதியவர்கள் சோலோவில் பிறக்கவில்லை. கேள்வி அவளுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று வார்சிதோ வருத்தப்பட்டார். "உங்களுக்கு ஏன் இந்தக் கவலையெல்லாம்? உடம்பைப் பார்த்துக்குங்க. இளைச்சுட்டீங்க," என்று ஆறுதல் சொன்னார். கிளம்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். வைத்தியம் பார்க்கப் போனவள் ஆறுதலும் பழமும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

ஆனால் சும்மா திரும்பவில்லை. தெருமுனையிலிருந்தே காலிஹைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினாள். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று அவன் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு, பாயைச் சுருட்டி எடுத்துப் போய் வார்சிதோவின் வீட்டிலேயே படுத்துக்கொண்டான். அவரால் மறுக்க முடியவில்லை. தாட்சண்யம் நல்லதுக்கும் உதவும்.

மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். சுப்ராப்தோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவங்க குணமாயிட்டோம்னு சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க, பாக். ஆனா..."

"நம்ம கேள்வித்தாள்ல என்ன கேட்டோம்? எப்படி இருக்கீங்கன்னு. அவங்க சொன்னாங்க. அதுக்குள்ள நாம என்ன நோண்டிப் பார்க்கிறது? ஒருத்தர் நல்லா இருக்கேன்னு சொன்னா, இல்லைன்னு சொல்றதுக்கு நாம யாரு? மரியாதையா அது?"

"வார்சிதோவோட உயிர் போயிடும், பாக்."

"அவர்தான் வெள்ளிக்கிழமை விழாவில பேசப் போறார். முதல் வெற்றி அவர்தானே! எட்டாவது வாரம் வரைக்கும் மார்லீன் அம்மா காத்திருக்க முடியாதாம், அதனால இந்த வெள்ளிக்கிழமையே வச்சாச்சு. விருந்துக்கு மஞ்சள் சோறு சொல்லியாச்சும்மா." மேசை இழுப்பறையை இரண்டு தட்டுத் தட்டினார். "உன் நிரந்தர உத்தரவும் இங்கதான் இருக்கு. போய் நிம்மதியாத் தூங்கு."

மஞ்சள் சோறு சொன்ன பிறகு உண்மையை மாற்ற முடியாது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் எழுதப்படாத சட்டம்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, சுற்றிலும் கோழி, முட்டை, காய் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் மார்லீன் அம்மையார் புத்தம்புது பாத்திக் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். சுப்ராப்தோ படிக்கட்டுக் கோட்டைத் திரையில் காட்டினார். எல்லோரும் 'ஆ' என்றார்கள். பிறகு பாலுபியை அழைத்தார்.

அவள் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். அப்பாவின் கரண்டி நினைவுக்கு வந்தது. பிடித்து ஒதுக்கினாள்.

"இந்தச் சிகிச்சை வேலை செய்யலை," என்றாள். "இவங்க யாருக்கும் குணமாகலை. நான் வருத்தப்படக் கூடாதுன்னு குணமானதாச் சொன்னாங்க. தோத்தது நான்தான்."

மண்டபம் அதிரக் கைதட்டல்.

"என்ன அடக்கம்! என்ன அடக்கம்!" என்றார் முன்வரிசையில் ஒரு துறைத்தலைவர். மெத்தப் படித்தவர்கள் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அந்த ஊரில் பேச்சைத் தொடங்குவார்கள். மொழிபெயர்ப்பாளர் குனிந்து, பெருமை எல்லாம் நோயாளிகளுக்கே என்கிறார் இவர் என்று மார்லீனின் காதில் சொன்னார். மார்லீன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"நிஜமாத்தான் சொல்றேன். எல்லாம் பொய். அந்தக் கோடு பொய்."

கைதட்டல் இன்னும் பலத்தது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, கேளுங்க! எனக்கு ஒரு எழவும் தெரியாது!"

எழுந்து நின்று தட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஊருக்கு முன்னால் உண்மை பேசினாள். ஊர் அதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது. சுப்ராப்தோ சிரித்த முகத்தோடு அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, வார்சிதோவின் பெயரைச் சொன்னார்.

வார்சிதோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சபைக்குக் குனிந்து வணங்கினார். சட்டைப் பையிலிருந்து நன்றியுரைத் தாளை எடுத்தவர், ஓரத்தில் நின்ற பாலுபியைப் பார்த்தார். தாளைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"பெரியவங்க மன்னிக்கணும்," என்றார். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பேசுகிற மாதிரி அவ்வளவு பணிவான, மெல்லிய குரல். "இங்க நின்னு பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா இபு இவ்வளவு நேரமா ஒண்ணு சொல்றாங்க. யாரும் காதுல வாங்கலை. படிச்ச பொண்ணை, பொய் சொல்றவ மாதிரி இப்படி நிக்க வைக்கிறது நல்லாயில்லை. அதனால சொல்றேன். அவங்க சொன்னது நிஜம். எனக்குக் குணமாகலை."

மண்டபத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"காலையில கண்ணு முழிச்சா, இன்னிக்கும் முழிச்சுட்டோமேன்னு இருக்கு. வீட்டுக்காரி போனதிலேருந்து அப்படித்தான். எனக்கப்புறம் பட்டினி கிடக்கக் கூடாதேன்னுதான் புறாவைக் குடுத்தேன். போன திங்கட்கிழமையோட முடிச்சுக்கலாம்னு இருந்தேன். விழாவுக்கு வர்றதா பேராசிரியர்கிட்ட ஒத்துக்கிட்டேன், அதான் தள்ளிப்போட்டேன்." மறுபடியும் குனிந்தார். "விருந்து நேரத்துல இதைச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. சோறு ஆறிடும்."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கவில்லை. மார்லீன் என்ன, என்ன என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினார். சுப்ராப்தோ ஒலிபெருக்கியை எட்டிப் பிடித்து, "எல்லாரும் சாப்பிட வரலாம்," என்றார். மண்டபமே நிம்மதியாக எழுந்தது. நாற்காலிகள் இழுபட்டன. கூட்டத்துக்கு வழிவிட்டு வார்சிதோவும் மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கினார்.

பாலுபி போய் அவர் கையைப் பிடித்தாள். முன்வரிசைக்கு அழைத்து வந்து, துறைத்தலைவர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரில் இன்னொன்றை இழுத்துப் போட்டு, விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஊரில் நல்ல குடும்பத்துப் பெண் எவளும் அப்படி உட்காரமாட்டாள். சுப்ராப்தோ அவளைப் பார்த்த பார்வையில், அந்த இழுப்பறை இனித் திறக்காது என்பது தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது.

"விருந்தாளிங்க காத்திருக்காங்க இபு," என்றார் வார்சிதோ. "நீங்க போய்ச் சாப்பிடுங்க. என்னால உங்களுக்கு..."

"அவங்க சாப்பிடட்டும். நீங்க சொல்லுங்க."

"ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும், பாக்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அழுதுகொண்டுதான் இருந்தாள், மறைக்கவில்லை. இந்த முறை அவர் அவளைத் தேற்றவில்லை.

"அவ பேரு துமினி," என்றார். "ரயில்லதான் முதல்ல பார்த்தேன். நான் அப்ப டிக்கெட் பரிசோதகர். அவகிட்ட டிக்கெட் இல்லை."